வராத மழைக்கு மூடிய நெல்

நாவுலையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. உள்ளே ஊர்க்காரர்கள் இருப்பார்கள். விசயம் எனக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருக்கும். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அதுதான் பிரச்சினையே.

வானிலை அறிக்கை பார்க்கும் வியாதி எனக்குக் கடலில் தொற்றியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (நான்தான் முதலில் கைவிட்டேன் என்றும் சொல்வார்கள்). அதற்குப் பிறகு பல வேலைகள். காலித் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பாய்க்கப்பலுக்குச் சமைக்கவும் கயிறு இழுக்கவும் ஆள் தேவைப்பட்டது. சீஷெல்ஸ் வரை போனோம். மலைநாட்டுக்காரனான எனக்கு முதல் சில நாட்கள் வாந்தியிலேயே போயின.

அந்த வெள்ளைக்காரர்தான் கப்டன்; தினமும் காலையில் செட்டலைட் போனில் வானிலைப் படம் எடுப்பார். படம் முழுக்கப் பச்சையாக இருந்தால் சவரம் செய்வார், பாடுவார், என் பருப்புக்கறியைப் புகழ்வார். நாளை மறுநாளுக்கு ஓர் ஓரத்தில் சிவப்புத் தெரிந்துவிட்டால் அதே பருப்புக்கறியில் உப்புக் கூடிவிடும். கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரிக் கிடக்கும். மனிதரோ பாயைப் பாதியாகச் சுருட்டச் சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து நகம் கடிப்பார்.

கொஞ்ச நாளில் எனக்கும் அதே குணம் வந்தது. சிவப்பைக் கண்டால் சோறு இறங்காது. ஒருநாள் நல்ல பச்சைப் படத்துக்குள்ளிருந்தே நிஜமான காற்று கிளம்பி எங்களைப் புரட்டி எடுத்தது. அன்று எங்கள் இருவருக்கும் கவலையே இல்லை, கவலைப்பட நேரமிருக்கவில்லை. அதிலிருந்து ஒரு புத்திசாலி நிறையக் கற்றிருப்பான். நான் கற்றது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் உடனே பாயைச் சுருட்டு.

இந்த ஞானத்தோடு நாவுலையில் ராத்தா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ராத்தா என் மூத்த சகோதரி. அறுவடை முடிந்த நேரம். மச்சான் அந்தப் போகத்து நெல் முழுவதையும் முற்றத்தில் தார்ப்பாய்ப் படங்குகளின் மேல் பரப்பிக் காயப் போட்டிருந்தார். காய்ந்ததும் மில் லொறி வந்து ஏற்றும். அதை வைத்துத்தான் அடுத்த போகம் வரை வீடு ஓட வேண்டும்.

"கப்பல்ல போன ஆளு," என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, நெல்லை என்னிடம் ஒப்படைத்து மச்சான் வயலுக்குப் போனார். "மழைய அவரு பாத்துக்குவாரு."

போனைத் திறந்தேன். மாத்தளை மாவட்டத்தின் தலையில் சிவப்பு. நெல்லைக் குவித்து, படங்கால் மூடி, கப்பல் முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினேன். மழை நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கமே பெய்து முடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் வெயில் கொளுத்தியது. மறுநாள் மஞ்சள். மஞ்சளை எப்படி நம்புவது? மூடினேன். அதற்கடுத்த நாள் பச்சைதான், ஆனால் வாரக் கடைசியில் சிவப்பு இருந்தது. மனசு கேட்கவில்லை.

பொழுது சாய்ந்தால் எல்லாரும் நெல்லை மூடுவார்கள். வயலிலிருந்து திரும்பும் மச்சான் மூடியிருப்பதைப் பார்த்துத் திருப்தியோடு குளிக்கப் போவார். ராத்தாதான் ஒருமுறை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வெயில் இப்பிடி எரிக்குது, நீ நெல்லுக்குப் போர்வ போத்துறியே தம்பி?"

"ஒங்களுக்குக் கடலத் தெரியாது ராத்தா."

"இது ஊட்டு முத்தம்டா."

கடல் கடந்து வந்த தம்பி என்று அதற்கு மேல் விட்டுவிட்டாள்.

லொறி வந்த அன்று மச்சான் படங்கைத் தூக்கினார். சோற்றுப் பானை திறந்ததுபோல ஆவி கிளம்பியது. காயாத ஈரம் உள்ளேயே அவிந்து நெல் மஞ்சள் பூத்து, புளித்த வாடை அடித்தது. லொறிக்காரர் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, சுட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

"நானா," என்று மச்சானை அண்ணன் முறையில் கூப்பிட்டார். "இது நெல்லா, பாதிச் சோறா?"

லொறி வெறுமனே திரும்பிப் போயிற்று. மச்சான் ஏசவில்லை. ஏசியிருந்தால் நின்றிருப்பேன். "மழ பேஞ்சிருந்தாக்கூட மேல உள்ளது மட்டுந்தான் நனைஞ்சிருக்கும்," என்றார் மெதுவாக. நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

(இன்றும் ராத்தாவின் மகள் ரிஸ்னா கொடியில் துணியைப் போட்டுவிட்டு எனக்குப் போன் எடுப்பாள். "மாமா, படத்துல என்ன நெறம்?" நான் சிவப்பு என்றால் குடும்பமே குடையில்லாமல் கடைக்குப் போகும்.)

அன்றிரவு மாத்தளையில் பள்ளிவாசல் விறாந்தையில் படுத்தேன். தரை குளிர்ந்தது, பழகிய குளிர்தான். காலையில் ஒரு புழுங்கல் மில் வாசலில் போய் நின்று, மச்சானுடைய நெல்லின் கதையைச் சொன்னேன். யாருடைய வேலை அது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"மொளச்சிருக்கா?" என்றார் முதலாளி.

"இல்ல. மஞ்சளா இருக்கு. கொஞ்சம் நாறுது."

"அவிச்சா நெறம் தெரியாது. வெல கொறச்சித்தான் எடுப்பேன். கொண்டு வரச் சொல்லு தம்பி."

மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மில்லின் பெயரைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊற வெக்கிற தொட்டிக்கு ஆள் இல்ல. நெல்ல நனைக்கத் தெரியுமா?"

"வெயில்லயே நனைப்பேன் முதலாளி."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். மேலே தகரக் கூரை, வானம் தெரியவில்லை.