கனமில்லாத கூடை

...அவ கிடக்கா விடு கௌசல்யா, மூணாவது மாடிக்காரி சண்டை நாளைக்கும் இருக்கும். நீ உக்காரு. உன் வீட்டுக்காரருக்கும் கம்ப்யூட்டர் வேலைதானே? அப்ப உனக்குப் புரியும். என் பேத்தி சோஃபியோட மானத்தை நான் கப்பலேத்தின கதை தெரியுமா உனக்கு?

எழுபத்தஞ்சாம் வருஷம் சண்டை முடிஞ்சதுக்கு அப்புறம், இந்தச் சைகோன்ல இருந்த எங்க காரைக்கால் சனம் பூரா பிரான்சுக்குப் போயிடுச்சு. என் மவனும் வளர்ந்ததும் மார்சேயில போயி உக்காந்துட்டான். வீட்டுக்காரர் கல்லறை இங்க இருக்கேன்னு நான்தான் சைகோனை விட்டு நகரல. அப்படியிருக்க, அங்க பொறந்த பேத்தி "பாட்டி, எனக்கு உங்க ஊருல வேலை கிடைச்சிருக்கு"ன்னு பெட்டியோட வாசல்ல வந்து நின்னா எப்படி இருக்கும்! ராத்திரி சாப்பிட்டுட்டு ரெண்டு தட்டு கழுவுற சுகம் இருக்கே, அது ஒத்தைத் தட்டு கழுவினவளுக்குத்தான் தெரியும்.

என்ன வேலைன்னு கேட்டா, விளையாட்டு செய்யுற கம்பெனியாம். (நாங்க விளையாடினா முதுகுல விழும், இவளுக்குச் சம்பளம்!) கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஊராம். அங்க எதுக்கும் கனமே கிடையாதாம். அந்த ஊரு சனம் சாமான் கொண்டுபோற கருவியெல்லாம் இவதான் யோசிச்சு வரையணும். மார்க்கெட் கூடை அந்தரத்துல பின்னாடியே வரும். கேஸ் சிலிண்டர் நாய்க்குட்டி மாதிரி படியேறும். தூங்குற புள்ளையைத் துண்டோட காத்துல விட்டுட்டு நீ பாட்டுக்கு தோசை சுடலாம்.

"பாட்டி, நீங்க என்னென்ன சுமந்தீங்க?"ன்னு கேட்டா.

"உங்கப்பனை"ன்னேன். அதையும் வரைஞ்சிக்கிட்டா!

வரைஞ்ச கூடையை முதலாளிக்குக் காட்டி, அது தேறிட்டா வேலை நிரந்தரம், இல்லைன்னா மறுபடி மார்சேய். அதனால, கூடையோட நடந்து காட்ட ஒரு வயசான மனுசி வேணும்னு அவ சொன்னதும், "நான் இருக்கும்போது வேற எவடி?"ன்னு குதிச்சேன். இங்க 'பென்தான்' மார்க்கெட்டுல ஊரே தோள்ல கம்பு வச்சுத் தூக்கும், தலையில வாழைப்பழக் கூடையோட போனவ நான் ஒருத்திதான்.

போனா, புடவை மேலேயே ஒரு கறுப்புச் சட்டையை மாட்டி, உடம்பெல்லாம் வெள்ளைக் குண்டு குண்டா ஒட்டிட்டாங்க. அம்மை போட்டவ மாதிரி இருந்தேன். சுத்திக் கேமரா, என் நடையை அப்படியே பிடிச்சு அந்தக் கம்ப்யூட்டர் ஊருல நடக்க விடுறதுக்காம். வரிசையா பெரிய மனுசங்க. நடுவுல ஒரு காலிக் கூடை. "கனமே இல்லை பாட்டி, ரெண்டு விரலால தொட்டுக்கிட்டு நடந்தாப் போதும்"னு சோஃபி படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தா. மண்டைக்குப் புரிஞ்சுது. உடம்புக்கு யாரு சொல்றது? கூடையைப் பார்த்ததும் கை தானா துண்டைச் சுருட்டி, சும்மாடு கட்டி, தலையில வச்சிருச்சு. கூடை கீழேயே கிடக்க, அப்படியே நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன்.

"ஏன் பாட்டி நிக்குறீங்க?"

"தூக்கி விட ஆள் வரலியேடி!"

தலைச்சுமையை ஒத்தை ஆளா ஏத்துற வழக்கம் நமக்கு உண்டா? முன்வரிசையில இருந்த முதலாளியைப் பார்த்து, அவங்க பாஷையிலயே "தம்பி, ஒரு கை குடு"ன்னேன். அந்த ஹனோய்க்காரர் பாவம், ஓடியாந்து, அரிசி மூட்டை தூக்குற தினுசுல மூச்சைப் பிடிச்சு ஒரு தூக்கு! காலிக் கூடையில்லையா, பறந்துபோயி கேமராக் கம்பத்துல மோதி, கம்பம் விளக்குல சாஞ்சு, விளக்கு டமார்! அன்னிக்கு நெசமா மிதந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

நான் விடலியே. கூடையை எடுத்து மறுபடி வச்சு, கழுத்தை நிமித்தி, இடுப்பை ஒடிச்சு, மூச்சு வாங்க நடந்து, கடைசியில "அப்பாடா"ன்னு இறக்கி வச்சேன். எல்லாரும் கைதட்டிச் சிரிச்சாங்க. தேறிட்டோம்னு நினைச்சேன்.

முதலாளி கிட்ட வந்து, "ரொம்ப நல்லா நடந்தீங்க பாட்டி. ஆனா கூடை மிதக்குற மாதிரி தெரியல, நீங்க சுமக்குற மாதிரிதான் தெரியுது"ன்னாரு.

ஸ்கூட்டர்ல வீட்டுக்கு வரும்போது முன்னாடி சோஃபி முதுகு குலுங்குச்சு. சிரிக்குறான்னு நானும் சேர்ந்து சிரிச்சேன். சிக்னல்ல கண்ணாடியில பார்த்தா, அழுதுக்கிட்டிருக்கா.

"எனக்கு இங்கயே இருக்கணும் பாட்டி"ன்னா.

மழைக்காலம் முடியுறதுக்குள்ள போயிட்டா. இப்ப மார்சேயில அப்பனும் மகளும் காப்பிக் கோப்பையைத் தூக்கக்கூட, "தம்பி, ஒரு கை குடு"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரிக்குறாங்க. போன்ல கேக்கும்போது நானும் இங்கேருந்து கையை நீட்டுவேன், யாருக்குத் தெரியப்போவுது? ஆனா ஒண்ணு கௌசல்யா, சிலிண்டருக்கெல்லாம் கருவி வரைஞ்சவ, மார்சேயிலேருந்து ஒரு பொண்ணைத் தூக்கிக்கிட்டு வர ஒண்ணு வரைஞ்சிருக்கக் கூடா... சூ! சூ! பால்கனியில கருவாடு காயுது, பூனை வந்துடுச்சு பாரு, இரு!