கடும் பனியும் குரங்குக் குல்லாயும்

மட்டாஞ்சேரி,
22-1-1979, திங்கட்கிழமை.

சௌபாக்கியவதி ஸ்வர்ணலதாவுக்கு, உன் மாமனார் சிவசங்கரன் மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்குப் பதில் போடவும் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அவ்விடத்து க்ஷேமத்தை விசாரிக்கிறேன். இவ்விடத்து க்ஷேமத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன், காரணம் கீழே வருகிறது. நீ ஜபல்பூரிலிருந்து ரிஜிஸ்தர் பார்சலில் அனுப்பிய கம்பளிக் குரங்குக் குல்லாய் சனிக்கிழமை கிடைத்தது. நீயே பின்னியது என்று எழுதியிருந்தாய். அளவு சரி, குஞ்சமும் சரி, கைவேலையில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அம்மா, மேல்துண்டே பாரமாக இருக்கிற ஊர் இது. கையெழுத்து வாங்கின போஸ்ட்மேன் போகாமல் நின்று, பார்சலைப் பிரித்த பிறகு ஸ்வாமி காஷ்மீருக்குப் புறப்பட்டாச்சா என்று விசாரித்துவிட்டுப் போனான். அவன் போன பத்து நிமிஷத்தில் எங்கள் பேட்டை கொச்சங்காடி முழுக்க நான் காஷ்மீருக்குப் போவதாகத் தெரிந்துவிட்டது. மறுநாள் காய்கறிக் கடையில் ரெண்டு பேர் எனக்கு வழியனுப்பு உபசாரம்கூடச் சொன்னார்கள்.

தப்பு உன்னுடையது இல்லை. எல்லாம் நான் முன்னே உனக்குப் போட்ட கார்டில் இருந்த ஒரு வார்த்தையால் வந்த வினை. நான் படுத்த இடத்திலிருந்து சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக் கமலாக்ஷிதான் எழுதினாள். அவர்கள் நாலு தலைமுறையாக இங்கே இருக்கிற தமிழ்க்காரர்கள். பேச்சு தமிழ்தான், எழுத உட்கார்ந்தால் மலையாளம்தான் ஓடும். கும்பகோணத்துப் பெண்ணுக்குப் போகிற கார்டாயிற்றே என்று அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாக யோசித்துத் தமிழிலேயே எழுதினாள். "மாமாவுக்கு இங்கே மூணு நாளாய் கடும் பனி, எழுந்திருக்க வய்யா" என்று. நீயும் உடனே பதில் போட்டாய். "இங்கேயும் கடும் பனிதான் மாமா, எதிர் வீடே தெரியவில்லை. விடிகாலையில் வாக்கிங் போகாதீர்கள். குல்லாய் அனுப்புகிறேன்." அம்மா, மலையாளத்தில் பனி என்றால் ஜுரம். ஆகாசத்திலிருந்து விழுகிற பனி இல்லை இது, ஆளை விழ வைக்கிற பனி. உன் புருஷன் ராமபத்ரன் வீட்டில் இருந்து, கார்டைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும், அவன் இங்கே படித்து வளர்ந்தவன். அவன் கான்பூர் டூரில் இருந்த சமயம் பார்த்து அது வந்து சேர்ந்தது. உன் பதிலை வாசித்துக் காட்டினதும் கமலாக்ஷிக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்போ நான் எழுதினது தெற்றா, தப்பா மாமா?" என்றாள். அவளை என்ன சொல்ல? அன்றைக்கு அவள் கார்டை எழுதி முடித்து வாசித்துக் காட்டினபோது எனக்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. நாற்பத்துநாலு வருஷம் இந்த ஊர்த் தண்ணி குடித்தவனுக்கு ஜுரம் என்கிற சொல் மறந்தே போயிருந்தது.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் விஷுவுக்கு அப்புறம் உன் புருஷன் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. "அப்பா, மாசா மாசம் ஜலதோஷம் என்று எழுதுகிறீர்கள். ஜலதோஷத்துக்கெல்லாம் எனக்கு லீவு தர மாட்டான். ஃப்ளூ மாதிரி ஏதாவது வந்தால் எழுதுங்கள், அன்றைக்கே ரயில் ஏறுகிறேன்" என்று அவன் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆகையால் எனக்கு வந்தது ஜலதோஷமா ஃப்ளூவா என்பதை நீ அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டான்.

முதல் அத்தாட்சி, தும்மல். நான் குடியிருப்பது மிளகு, சுக்குக் கிடங்குக்கு மேலே என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நீ இங்கே இருந்த நாலு நாளும் தும்மின தும்மலில் உன் மூக்குத்தி கழன்று விழுந்து, நாமெல்லாரும் தரையில் தவழ்ந்து தேடினோமே. கீழே மூட்டை அவிழ்த்தால் மேலே தும்மல், அதுதான் இந்தத் தெருவின் கடிகாரம். ஆனால் இந்தத் தடவை அப்படி இல்லை. குரியன் டாக்டர் சொன்ன பாடம் இது, கவனமாகப் படி. ஜலதோஷம் அடிமேல் அடி வைத்து வரும். முதல் நாள் தொண்டை கரகரப்பு, மறுநாள் மூக்கில் தண்ணீர், அப்புறம் தும்மல். ஆனாலும் ஆள் கடைக்குப் போவான், காப்பி குடிப்பான், வம்பு பேசுவான். ஃப்ளூ அப்படி வராது. காலையில் நன்றாக இருந்தவன் சாயங்காலம் விழுவான். ஜுரம் சட்டென்று ஏறும், குளிரில் உதறும், கையும் காலும் முதுகும் அடித்துப் போட்டது போல் வலிக்கும், சோறு வேண்டியிருக்காது, எழுந்து நிற்க முடியாது. எனக்கு எப்படி வந்தது தெரியுமோ? வாசகசாலையில் நின்றுகொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. முதல் நாள் எப்படி இருந்தீர், தொண்டை கரகரத்ததா, வீட்டில் யாராவது கவனித்தார்களா என்று டாக்டர் கேட்டார். வீட்டில் யார் இருக்கா கவனிக்க? முதல் நாள் நான் வாயைத் திறந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருந்தால்தானே தொண்டை கரகரத்ததா இல்லையா என்று எனக்கே தெரியும்?

ரெண்டாவது அத்தாட்சி, தெர்மாமீட்டர். நூற்றெட்டு! அதற்கு மேலே அந்தக் கண்ணாடியில் கோடே கிடையாது, அதனால்தான் நின்றது. கமலாக்ஷி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாமா நன்னா பனிக்கறது என்று அலறிக்கொண்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். அந்த ஓட்டத்தில்தான் அவளுக்கு அந்த வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டு, பிறகு கார்டிலும் ஏறிற்று. தெர்மாமீட்டர் மறுநாளே விரிசல் விட்டது என்றால் என் உடம்புச் சூட்டை நீயே கணக்குப் போட்டுக்கொள். டாக்டரும் வந்தார், நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நிறைய சொன்னார். அவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதக் கடிதத்தில் இடம் இல்லை.

இப்போது எழுந்து நடமாடுகிறேன். ஆனால் ஃப்ளூ இறங்கின பிறகும் ரெண்டு வாரத்துக்கு அசதி இருக்குமாம், அது பொதுவாக எல்லோருக்கும். என் வயசுக்கு ஒரு மாசம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் பாதி மீதி இருக்கிறது. ராமபத்ரன் வந்துதான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு வேலை முக்கியம், ரயிலில் கூட்டம், நீயும் தனியாக இருக்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் வந்தால் நீ தனியாக இருக்க வேண்டாமே என்று ஒரு யோசனை வந்தது, அவ்வளவுதான். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய மெத்தையை மொட்டை மாடியில் போட்டு மூணு நாள் வெயில் காட்டி உள்ளே வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தால் அந்த வாரம் கீழே சரக்கு இறக்கக் கூடாது என்று சொல்லியும் வைக்கிறேன், கேட்பார்களா தெரியாது.

நீ தீர்க்கசுமங்கலியாக, மூக்குத்தி முகத்திலேயே நிலைத்திருக்க, உன் கையால் பின்னுவது அடுத்த வருஷம் இந்தக் கிழவனுக்கு அல்லாமல் ஒரு சின்னத் தலைக்கு ஆகும்படியாக, உன்னையும் ராமபத்ரனையும் பகவான் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன்,
சிவசங்கரன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனவன் ஒட்டாமல் உட்கார்ந்துவிட்டேன். மகன் பெண்டாட்டிக்குப் பொய் எழுதி ஆசீர்வாதமும் பண்ணினால் ஆசீர்வாதம் பலிக்காது. தெர்மாமீட்டர் முதலில் தொண்ணூற்றொன்பதுதான் காட்டியது. இதற்கு யார் ரயில் ஏறுவார்கள் என்று நான்தான் அதைச் சுக்குக் காப்பி டம்ளரோடு சேர்த்துப் பிடித்தேன். விரிசலும் அதனால்தான். கமலாக்ஷிக்கு இது தெரியாது. வாசகசாலையில் உட்கார்ந்தது நிஜம், ஆனால் என் முழங்கால் பத்து வருஷமாக அப்படித்தான். டாக்டர் கடைசியில் சொன்னது இதுதான்: "ஸ்வாமீ, பனியொண்ணும் இல்லா, வெறும் ஜலதோஷம். ஃப்ளூ வந்தவன் இத்தனை வர்த்தமானம் பேச மாட்டான்." ஆகவே நீ தெரியாமல் அனுப்பிய குல்லாய்தான் சரியான வைத்தியம். இப்போது போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், வேர்த்துக் கொட்டுகிறது. ராமபத்ரன் லீவு கேட்க வேண்டாம் என்று சொல்.

அவனுக்கு ஒன்று மட்டும் தெரியாது. ஃப்ளூ என்றால் டாக்டர் வருகிறார், கமலாக்ஷி கஞ்சி கொண்டு வருகிறாள். ஜலதோஷத்துக்குத்தான் யாரும் வருவதில்லை. உன் மாமியார் மீனாக்ஷி இருந்தவரைக்கும் நான் தும்மினால் போதும், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி அடுக்களையிலிருந்தே "நூறு" என்பாள், நூறு வயசு இருக்க வேண்டும் என்று. ஒரு நாளைக்கு இருபது தும்மல் தும்மினாலும் இருபது தடவையும் சொல்வாள். இப்போது தும்மிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன், அப்புறம் நானே சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் ஏழு தும்மல் ஆயிற்று. நீ வர வேண்டாம் அம்மா, இங்கே வந்தால் நீயும் தும்முவாய். இதைப் படித்து முடித்ததும் அங்கிருந்தபடியே ஒரு தடவை சொல்லிவிடு, போதும்.