நாற்காலியோடு ஒரு சலாம்

பெரிய ஹோட்டலில் சாப்பிடப் போகிறவனுக்குக் கையும் வாயும் ஒழுங்காக வேலை செய்தால் போதும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தவறு. முதலில் முழங்கால் சொன்னபடி கேட்கவேண்டும். என் முழங்கால் கேட்கவில்லை. அதனால் நுவரெலியாவில், வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசைக்கு முன்னால் நான் பட்ட பாட்டை என் வீட்டார் இன்றைக்கும் விசேஷத்துக்கு விசேஷம் எடுத்துப் பரிமாறுகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் கதை பெருத்துக்கொண்டே போகிறது. (போன தீபாவளிக்கு அதில் ஒரு குதிரைகூட வந்துவிட்டது. குதிரை எல்லாம் கிடையாது.) ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இஞ்சின் பார்க்கிற வேலை. இஞ்சின் ஓடினால் எப்போது நின்றுவிடுமோ என்று கவலைப்படுவேன். நின்றால் இனி ஓடுமோ என்று கவலைப்படுவேன். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் இரண்டையும் சேர்த்துக் கவலைப்பட நேரம் இருக்கும்.

அப்போது தோட்டத்தை நடத்திய எங்கள் பெரிய தொரை வெள்ளைக்காரர். அவருடைய கார் சத்தம் கேட்டால் ரோட்டில் போகிறவன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கவேண்டும். உட்கார்ந்திருக்கிறவன் எழுந்துவிடவேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. நடக்கப் பழகும்போதே அதுவும் கூடவே வந்துவிட்டது.

எனக்கு வாய்த்தவள் மாமா மகள் பாக்கியம். மாமா தோட்டத்தை விட்டுக் கண்டிக்குப் போய், புடவைக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர். டவுனில் வளர்ந்த பாக்கியத்துக்குத் தொரை என்றால் கடைக்கு வந்து துணி கேட்கிற இன்னொரு ஆள், அவ்வளவுதான். கல்யாணமான மறுவாரம் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வளைவில் கார் ஹாரன் கேட்டது. நான் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் குதித்துவிட்டேன். நான் மட்டும் குதித்திருந்தால் பரவாயில்லை. அவள் கையைப் பிடித்திருந்தேன். கூறைச்சேலை முழங்கால்வரை சேறு.

கார் எங்களைத் தாண்டிப் போயிற்று. உள்ளே தொரை இல்லை. தொரையின் நாயை ஊசி போடக் கொண்டுபோகிற டிரைவர்தான் இருந்தார்.

கானுக்குள் நின்றபடியே பாக்கியம் கேட்டாள்: "நாய்க்கா மச்சான் எறங்குனோம்?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகமாகப் பேசவில்லை. சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள், கண்டி இருக்கும் திசையைப் பார்த்தாள்.

இந்த நேரத்தில்தான் மாமா ஒரு காரியம் செய்தார். நுவரெலியாவில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலுக்கு மேசைத்துணி கொடுப்பது அவர் கடைதான். மழைக்காலத்தில் அறைகள் சும்மா கிடக்கின்றன, ஒரு ராத்திரி வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று மானேஜர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். மாமா அந்த மரியாதையை அப்படியே புதுத்தம்பதிகளான எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். தலவாக்கலையில் ரயிலேறும்போது பாக்கியம் மெதுவாகச் சொன்னாள்.

"மச்சான், நாளைக்குத் திரும்பி வர்றப்பவும் இதே ஸ்டேசன் வரும். எறங்குறதா, இல்ல அப்படியே கண்டிக்குப் போயிர்றதான்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

"ஐயோ, நான் என்னா புள்ள செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். ஒரு நேரம், எவனுக்கும் எந்திரிக்காம என்கூட ஒக்காந்து சாப்புடுங்க. அது போதும்."

இவ்வளவுதானா என்று சிரித்தேன். (சிரிக்கிற வயது அது.)

நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தோம். அறையைப் பார்த்ததும் என் கவலைகள் வரிசையில் வந்து நின்றன. கட்டில் எங்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறை) பாதி இருந்தது. அறைக்குள்ளேயே சுவரில் ஓர் அடுப்பு எரிந்தது. தூங்கும்போது தீப்பிடித்தால்? ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு இல்லாமல் வரக்கூடாதாம். தோட்டத்து டாக்டரய்யாவிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கியிருந்தேன். டாக்டரய்யா நல்ல சரீரம். கண்ணாடியில் பார்த்தபோது கோட்டு தனியாக நின்றது, நான் அதற்குள் எங்கேயோ இருந்தேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் மேசைக்கு ஒரு சிங்கள வெயிட்டர். வெள்ளைக் கையுறை, வெள்ளை மீசை, நல்ல தமிழ். சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். மணம் மூக்கைத் துளைத்தது. கரண்டியை எடுத்து வாய்க்கருகில் கொண்டுபோனேன்.

வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எழவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைப்பதற்குள் எழுந்திருந்தேன். மடியில் விரித்திருந்த துணி மேசைக்குப் போய்விட்டது, கை நெற்றிக்குப் போய்விட்டது, "சலாங்க தொரை" வாயிலிருந்து போய்விட்டது. கிழவர், தன் பின்னால் யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். நான் உட்கார்ந்தபோது என் சூப்பைக் காணவில்லை.

"மாத்தயா எழும்பினீங்க. துணியையும் மேசையில வச்சிட்டீங்க. அப்படின்னா போதும்னு அர்த்தம்" என்றார் வெயிட்டர், மிகவும் பணிவாக. (மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா.)

பாக்கியம் தன் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லாருந்துச்சு" என்றாள்.

அடுத்தது மீன். இந்தத் தடவை கால் இரண்டையும் நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டேன். வாசல் பக்கம் பார்க்காமல் மீனையே பார்த்தேன். மீனும் என்னைப் பார்த்தது. அப்போது பூட்ஸ் சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தத்துக்கு என் முழங்கால் காதிடம் அனுமதி கேட்காது, நேராகவே வேலை செய்யும். ஒரு சின்ன வயசு வெள்ளைக்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். பின்னிய கால் எப்போது அவிழ்ந்ததோ, நான் நின்றுகொண்டிருந்தேன். மீனும் போயிற்று.

"ரெண்டாச்சு" என்றாள் பாக்கியம்.

"வேணும்னா செய்றேன்? காலு கேக்கமாட்டேங்குதே புள்ள."

"அந்தப் பையனுக்கு மீசகூட ஒழுங்கா மொளைக்கல மச்சான்."

அவள் குரலில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இல்லை. களைப்புத்தான் இருந்தது. கண்டி ரயில் என் நெஞ்சுக்குள்ளேயே கூவியது. மூன்றாவதாகப் பொரித்த கோழி வந்தபோது பாக்கியம் எழுந்து என் பின்னால் வந்தாள். தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து, கோட்டுக்குள்ளே கைவிட்டு, என் இடுப்பைச் சுற்றி, நாற்காலி முதுகுச் சட்டத்தோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். புடவைக்கடைக்காரர் மகள். மூட்டை கட்டிப் பழகிய கை. வெயிட்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எந்திரிங்க, பாப்போம்" என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

எனக்கும் ஒரு தெம்பு வந்தது. கோழிக்காலைக் கையிலேயே எடுத்தேன்.

தொரைமார் வாரக்கடைசியில் நுவரெலியாவுக்குத்தான் வருவார்கள் என்பது எங்கள் தோட்டத்து ஆடுமாடுகளுக்கும் தெரியும். எனக்கு மட்டும் அதுவரை ஞாபகம் வரவில்லை. வாசலில், தொரைசாணியோடு, எங்கள் பெரிய தொரையே வந்து நின்றார்.

நான் எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது.

தேக்கு மரம். என் முதுகில் ஆமை ஓடு மாதிரி ஏறிக்கொண்டது. நிமிரமுடியவில்லை. குனிந்தபடியே, கோழிக்காலோடு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் "சலாங்க தொரை" என்றேன். அவர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கம் திரும்பி நிற்பதல்லவா மரியாதை? திரும்பினேன். நாற்காலிக் கால்கள் பின்னால் வந்துகொண்டிருந்த வெயிட்டரின் தட்டைத் தூக்கி அடித்தன. அதிலிருந்த புடிங் கிளம்பி, ஆடாமல் அசையாமல் வந்து, தொரையின் சப்பாத்துக் காலுக்கு முன்னால் உட்கார்ந்தது.

தொரை புடிங்கைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கடைசியில் அதற்குக் கீழே இருந்த என்னைக் கண்டுபிடித்தார்.

"நீ நம்ம ஸ்டோர் ஆள் இல்லே?"

"ஆமாங்க தொரை."

"என்னா மேன் இது?"

நான் கோழிக்காலை நெற்றியிலிருந்து இறக்கினேன். தொரை ஒரு பெருமூச்சு விட்டு, எங்கள் தமிழில் சொன்னார்: "ஒக்காரு!"

நில்லு, போ, ஓடு, தூக்கு எல்லாம் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். இது புதிது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஆமையாகவே நின்றேன். அப்போது பாக்கியம் குரல் கேட்டது. அவள் எழவில்லை. கையிலிருந்த முள்ளுக்கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்களும் ஒக்காருங்க தொரை. ஒங்களுக்கு வர்ற சூப்பு ஆறிப்போயிரும்."

என் வேலை போயிற்று, காம்பரா போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தொரைசாணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். தொரை காது சிவக்க அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். வெயிட்டர் என் தோளை மெதுவாக அழுத்தி, நாற்காலியோடு என்னைத் தரையிறக்கினார். இந்தத் தடவை தட்டை எடுக்கவில்லை. அந்தக் கோழியை எலும்புவரை சாப்பிட்டேன். தொரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில், உட்கார்ந்தபடி. உப்பா உறைப்பா, ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் ரயிலில் ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். தலவாக்கலை வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். நான் எழவில்லை. எழுந்து இறங்கிவிட்டால், அவள் இறங்காததைப் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கவேண்டி வருமே! யாரைக் கண்டாலும் துள்ளுகிற முழங்கால் அன்றைக்கு மரக்கட்டையாகிக் கிடந்தது.

தலைக்கு மேலே பெட்டியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"எந்திரிங்க மச்சான், ஸ்டேசன் வந்துருச்சு" என்றாள் பாக்கியம். "எந்திரிக்க வேண்டிய நேரத்துல மட்டும் ஒக்காந்துக்குவாரு!"

"நீ கண்டிக்குப் போகலியா?"

"போனா ஒங்கள யாரு கட்டிப்போடுறது?"

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கினாள். தொரை என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதன்பிறகு ஸ்டோருக்குள் வரும்போதெல்லாம் முதலில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பார்.

முழங்கால் மட்டும் திருந்தவில்லை. தபால்காரர் வந்தாலும் எழுந்துவிடுகிறேன். என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து, பூ வைத்துக்கொண்டிருந்த மகள் வெட்கமே இல்லாமல் சத்தம் போட்டாள்:

"அம்மா, அவங்க வந்துட்டாங்க! அப்பாவக் கட்டியாச்சா?"