ஏழு தட்டும் ஒரு சேதியும்

பெண்டாட்டியிடம் கெட்ட சேதியை எங்கே வைத்துச் சொல்வது? பல்லுக்காரர் மூன்று நாள் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் சொல்லக் கூடாது. தெருவில் சொல்லவே கூடாது. தரையில் கம்பளமும் மேசைமேல் வெள்ளைத் துணியும் விரித்து, பக்கத்து மேசைக்காரர் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்காத ஒரு பெரிய ஹோட்டலில் வைத்துச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் கத்த முடியாது. கத்தினால் மானம் போகும். கோபத்தை முழுங்கித்தான் ஆக வேண்டும். முழுங்குவதற்குத் தோதாகச் சாப்பாடும் எதிரிலேயே இருக்கும்.

இப்படி ஒரு யோசனை தோன்றியதற்காகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். வேறு யார் தட்டுவார்கள்?

இந்த மனுஷர் ஏன் இப்படிப் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். அவர் தொழில் சாதுவான தொழில். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். மெழுகு, அரம், ஒரு சின்ன விளக்கு, ஒரு ஸ்டூல். நாள் முழுக்கப் பேசாத வாய்களோடு பிழைப்பு. அவர் மனைவியோ கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பதினாறு வருஷமாக, கை நடுங்குகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தி உரமேறிய குரல். ஒருநாள் மாடியில் நின்றுகொண்டு "அடுப்ப அணைங்க!" என்று வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினாள். தெருவில் போன மூன்று வண்டிகள் நின்றுவிட்டன. அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பிரேக்கம்மா என்றே பெயர்.

சேதி இதுதான். பிரேக்கம்மா ஐந்து வருஷமாக லீவே எடுக்காமல் சேர்த்துச் சேர்த்து, மூன்று வாரம் கேட்டு வாங்கியிருந்தாள். கடலோரத்தில் ஓர் அறை. படுத்தபடி திரும்பினால் ஜன்னலில் கடல். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போவதாக ஏற்பாடு. அதற்கென்று அகலமான ஒரு வைக்கோல் தொப்பிகூட வாங்கி, தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் சமையலறையில் காய் நறுக்கினாள்.

இந்த நேரம் பார்த்துப் பல்லுக்காரரின் அக்கா போன் பண்ணினாள்.

"தம்பி, நானும் அத்தானும் அங்க வந்து ஒரு மூணு வாரம் இருக்கலாம்னு பாக்குறோம். உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவில்லையே?"

தேதி கேட்டார். அதே தேதி. அதே மூன்று வாரம். 'முடியாதுக்கா' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"வாங்கக்கா! உங்க வீட்டுக்கு வர்றதுக்குக் கேக்கணுமா?" என்றது வாய்.

என்ன செய்வது, அக்காவிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். சின்ன வயதில் அவள் வைத்த குட்டெல்லாம் இன்னும் உச்சந்தலையில் அப்படியே இருக்கிறது.

அக்கா வந்தால்கூடப் பரவாயில்லை. அத்தான் இருக்கிறாரே! நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பித்தப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார்கள். அந்தக் கதையை மூன்று மணி நேரம் சொல்வார், மயக்க மருந்தில் மயங்கிக் கிடந்த பகுதியையும் சேர்த்து.

தொப்பி கண்ணில் படும்போதெல்லாம் பல்லுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். அதிலும் மண்ணை அள்ளிப் போட்டாயே பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டத் தைரியம் வந்ததே தவிர, சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால்தான் ஹோட்டல்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கயாவது வெளிய போய்ச் சாப்பிடலாமா?"

கத்தி நின்றது. தொப்பி நிமிர்ந்தது.

"என்ன விசேஷம்?"

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கித் தர விசேஷம் வேற வேணுமா?"

"வேணாம்தான். ஆனா இத்தன வருஷமா வேண்டியிருந்துச்சே."

"புதுசா ஒரு ரெஸ்டாரென்ட் வந்திருக்கு. ஃப்யூஷனாம். ஆசியாவுல இருக்கற அத்தன நாட்டுச் சமையலையும் ஒண்ணாக் கலந்து..."

"கலந்து?"

"கலந்து, அப்புறம் பிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா வைப்பாங்களாம்."

"அதுக்கு எதுக்குக் கலக்கணும்?" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரித்தாள். "சரி, அவங்க நம்பரக் குடுங்க. இடத்த நானே சொல்லி வைக்கிறேன். நீங்க உங்க பல்லப் பாருங்க."

அப்பாடா, அந்த வேலையும் மிச்சம் என்று நம்பரை நீட்டினார். தானாக வந்து தலையைக் கொடுத்த ஆட்டுக்கு அன்று ராஜமரியாதை.

ஞாயிறு மதியம் போனார்கள். அவர் எதிர்பார்த்ததைவிட அமைதியான இடம். சுவரெல்லாம் மூங்கில். மூலையில் ஒரு கல்தொட்டியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. "வாஷர் தேஞ்சிருக்கு போல" என்றாள் பிரேக்கம்மா. பக்கத்து மேசையில் ஒருவர் கை தவறிக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, சுற்றியிருந்தவர்கள் எல்லாரையும் பார்த்துத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பல்லுக்காரருக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதுவல்லவோ இடம்!

கறுப்பு உடுப்பில் வெயிட்டர் வந்து காதோடு பேசுகிற குரலில் சொன்னார். "ஏழு தட்டு விருந்து சார். ஒண்ணொண்ணா வரும். மேடம் ஏற்கனவே சொல்லிட்டாங்க."

வெயிட்டர் நகர்ந்ததும் பல்லுக்காரர் தொண்டையைச் செருமினார். "இங்க பாரு, உங்கிட்ட ஒரு விஷயம்..."

"மன்னிக்கணும் சார்."

போன மனுஷன் எப்படித் திரும்பி முளைத்தானோ! முறம் அகலத்துக்கு ஒரு தட்டு. நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு காளான், அதன்மேல் நுரை. "முதல் தட்டு. ஜப்பான் காளான், தாய்லாந்து எலுமிச்சைப் புல், மேல கடல்பாசி நுரை. இந்தக் காளான் எப்படி வளருதுன்னா..." காளான் பிறந்து வளர்ந்து ஆளான கதை முடிவதற்குள் நுரை அடங்கிவிட்டது.

"அய்யோ, நுரை போச்சே" என்றாள் பிரேக்கம்மா.

"நுரைதானே."

"கடல்லயும் இப்படித்தானாம். பொங்கி வந்து கால்கிட்ட அடங்குமாம். இன்னும் பதினெட்டே நாள்!"

பல்லுக்காரர் நகத்தளவு காளானை நாலாக வெட்ட ஆரம்பித்தார்.

இரண்டாவது தட்டுக்கு முன்னால், "நம்ம லீவு விஷயமா..." என்றார். மன்னிக்கணும் சார் என்று இரண்டு கொழுக்கட்டை வந்தது, சீனத்து மாவு, வியட்நாம் பூரணம், அதற்கு ஒரு தலபுராணம். மூன்றாவதுக்கு முன்னால், "நீ கோவப்படக் கூடாது..." என்றார். சூப் வந்தது.

"முதல்ல வாசனை மட்டும் பிடிக்கணும் சார். பத்து எண்ணணும். அப்புறம்தான் ஒரு வாய்."

"கண்ண மூடிக்கணுமா?" என்று பிரேக்கம்மா கேட்டாள்.

"மூடினா ரொம்ப நல்லது மேடம்."

இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணினார்கள். பல்லுக்காரர் ஏழிலேயே சொல்லிவிட நினைத்தார். கண் மூடியிருக்கும்போது சொல்வது நியாயமில்லை என்று விட்டுவிட்டார். மனசாட்சி உள்ளவர்.

நான்காவது தட்டோடு, கரண்டிக்குப் பதிலாக இடுக்கி எடுத்துச் சாப்பிட இரண்டு குச்சிகள் வந்தன. இதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இடுக்கியால் பல்லை எடுத்து எடுத்துப் பொருத்துகிற கை. ஒரு துண்டு மீனைக் குச்சியால் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாயில போடுங்க. அதுக்கு அளவு சரியா இருக்கும்" என்றாள் அவள். "அங்க போனா மீன் இப்பப் புடிச்சதாக் கிடைக்குமாம். நீங்க இடுப்பளவு தண்ணியில இறங்குவீங்கல்ல?"

"ம்ம்."

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"அது வந்து..."

"மன்னிக்கணும் சார். அஞ்சாவது தட்டு."

இப்படியே போனால் சேதி சேதியாகவே இருக்கும், சாப்பாடு முடிந்து வீடு வந்துவிடும். வீட்டில் கம்பளம் கிடையாது. பல்லுக்காரர் பல்லைக் கடித்தார். அடுத்த தடவை அந்த ஆள் பேசப் பேசவே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

"ஆறாவது தட்டு சார். மிளகாய் பூசின இறால்..."

"அக்காவும் அத்தானும் வர்றாங்க!"

"...இந்த மிளகாய் கொரியாவுல..."

"மூணு வாரம்! அதே தேதி! நான்தான் வரச் சொல்லிட்டேன்!"

வெயிட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சூடா சாப்பிடணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்பக்கமாகவே நடந்து போய்விட்டார்.

பிரேக்கம்மா மூச்சை இழுத்தாள். பல்லுக்காரருக்கு அந்த மூச்சு தெரியும். சிவப்பு விளக்கைக் கவனிக்காத மாணவனுக்கு முன்னால் இழுக்கிற மூச்சு. நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டார். மூச்சு உள்ளே போனது. நின்றது. மெல்ல வெளியே வந்தது.

"அப்படியா?" என்றாள்.

"கோவமா?"

"இவ்வளவு நல்ல இடத்துல கோவப்பட முடியுமா?"

ஜெயித்தாயிற்று! பல்லுக்காரருக்குத் தலை கூரையில் இடித்தது. மூன்று நாள் யோசனை வீண் போகவில்லை. தன் இறாலைத் தின்றார். அவள் இறாலையும் தின்றார். வாய்க்கொழுப்பு வேறு சேர்ந்துகொண்டது.

"கடல் எங்க போயிடப் போகுது? அடுத்த வருஷமும் அங்கதான் இருக்கும்."

"ஆமா, இருக்கும்."

"குடும்பம்னா விட்டுக்குடுத்துத்தான் போகணும்."

"ரொம்ப சரிங்க" என்றாள்.

ஏழாவது தட்டு வந்தது. நடுவில் எள் ஐஸ்கிரீம். விளிம்பைச் சுற்றி சாக்லேட்டில் அழகான கையெழுத்து. வெயிட்டர் அதைப் பல்லுக்காரர் முன்னால் வைத்தார். "விசேஷத்துக்கு வர்றவங்களுக்குத் தட்டுல வாழ்த்து எழுதித் தருவோம் சார். மேடம் போன்ல சொன்னத அப்படியே எழுதியிருக்கோம்."

பல்லுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணிடமா இத்தனை சூழ்ச்சி செய்தோம்? மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுத்து வட்டமாக இருந்ததால் தட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

'அண்ணியும் நானும் கடலுக்கு.' திருப்பினார். 'அண்ணனும் நீங்களும் வீட்டுக்கு.'

அவள் அண்ணி என்பது அவர் அக்காவை. அண்ணன் என்பது அத்தானை.

"என்னது!"

கல்தொட்டித் தண்ணீர்கூட ஒரு சொட்டு நின்று விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் மறுபடியும் கரண்டியைப் போட்டார். முப்பது தலைகள் திரும்பின. வெயிட்டர் ஓடி வந்து, "சார், கொஞ்சம் மெதுவா" என்று கெஞ்சினார்.

பல்லுக்காரர் சட்டைக் காலருக்குள் குரலை இழுத்துக்கொண்டார். "உனக்கு எப்படி..."

"உங்களுக்குப் போன் பண்ணின அரை மணியில அண்ணி எனக்கும் பண்ணிட்டாங்க. 'அவன் கேட்ட உடனே சரின்னுட்டான், அதான் சந்தேகமா இருக்கு, உனக்குத் தோதுப்படுமா'ன்னாங்க. நான் கடல் விஷயத்தச் சொன்னேன். அழாத குறைதான். பதினோரு வருஷமா அந்தக் கல்லுக் கதையையே கேட்டுக்கிட்டிருக்காங்களாம். கடலக் கண்ணால பாத்ததே இல்லியாம்."

"அப்ப என் டிக்கெட்டு?"

"அண்ணி பேருக்கு மாத்தியாச்சு. குடும்பம்னா விட்டுக்குடுத்துத்தான போகணும்?"

"அப்புறம் ஏன் என்னச் சொல்லவே விடல? வாயத் திறந்தா அந்த ஆளு வந்து நிக்கிறான்!"

"நான்தான் கைகாட்டினேன். சிக்னல் குடுக்காம நான் எதையும் செய்ய மாட்டேன்." ஐஸ்கிரீமைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மொதத் தட்டுலயே சொல்லிட்டா உங்களுக்குச் சாப்பாடு இறங்காதுல்ல? ஆசையாக் கூட்டிட்டு வந்தீங்க, சாப்பிடட்டும்னு விட்டேன்."

"இத வீட்டுலயே சொல்லியிருக்கலாமே!"

"வீட்டுலயா? கத்துவீங்க. இந்த மாதிரி எடம்னா அடக்கமா இருப்பீங்கன்னு பாத்தேன்." சுற்றிலும் பார்த்தாள். "இங்கயும் மானத்த வாங்கிட்டீங்க."

பல்லுக்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா. மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, "ஹலோ" என்று மூச்சாலேயே சொன்னார்.

"தம்பி! அத்தான நீ பாத்துக்கறேன்னு சொன்னியாமே, தங்கம்டா நீ! அவருக்குத் தலகால் புரியல. பழைய பல்லு செட்டு கடிக்குதுன்னு இன்னிக்கே தூக்கிப் போட்டுட்டார். 'மச்சான் பொறுமையா புதுசு செஞ்சு தரட்டும், அதுவரைக்கும் எனக்கு வாய் பேசறதுக்கு மட்டும்தானே'ங்கறார்!"