டேப் அக்காவின் அறுபத்திரண்டு பெட்டிகள்

டேப் அக்கா மனம் வைத்தால் பினாங்குத் தீவையே ஒரு மத்தியானத்துக்குள் பெட்டிகளில் அடைத்து, கடல் பாலத்தைத் தாண்டி, அந்தக் கரையில் இறக்கி வைத்துவிடுவார். வானுயர நிற்கும் கொம்தார் கட்டடம் ஒன்றுதான் கொஞ்சம் இடிக்கும். அதையும் படுக்கப்போட்டு, "உள்ள இவ்வளவு எடம் சும்மா கெடக்குதே" என்று நான்கு மெத்தைகளைத் திணிக்காமல் விடமாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஃபிளாட்டில் யாருக்கும் தெரியாது. ஜார்ஜ்டவுனில் பதினோரு வருடம் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய ஃபிளாட் அது. தரைமாடியில் அக்கா தனியாக இருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். வளையல் போடுகிற கையில் பழுப்பு டேப் உருளை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் நடமாடுவார். கோயிலுக்கு வரும்போதுகூட அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. யாரோ வீடு மாறப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே வந்து நிற்பார். கூலி வாங்கமாட்டார். நுரை வர ஆற்றிய பால் தேநீர், தே தாரிக், அதை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

அக்காவுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி காலி இடம்.

"காத்தையா லோரியில ஏத்திக்கிட்டுப் போகப் போற?" என்று கேட்டுவிட்டு, குழிவாக இருக்கும் எல்லாவற்றையும் நிரப்ப ஆரம்பித்துவிடுவார். ரைஸ் குக்கருக்குள் பிள்ளையின் பள்ளிச் சீருடை, சீருடையின் பாக்கெட்டில் கரண்டி, மழைக்காலப் பூட்ஸுக்குள் பல்பு, பல்பைச் சுற்றி மாமனாரின் கைக்குட்டை. பழைய பேப்பரில் சுற்றுவது அவருக்கு ஆகாது. "பேப்பர் எடத்தை அடைக்கும், அங்க போனா குப்பை. துணியும் போய்ச் சேரணும்தானே லா? அதுலயே சுத்து." கனமானது அடியில். புத்தகம் சின்னப் பெட்டியில். தட்டுகளைப் படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கி, காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுவார். உள்ளேயிருந்து ‘கடக்’ என்று ஒரு சத்தம் வந்தால் போச்சு, பிரித்து முதலிலிருந்து கட்டுவார்.

"பெட்டி பேசக்கூடாது தம்பி."

இரண்டாவது மாடியில் குடியிருந்த, நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்த பாய் வீடு மாறியபோது, குளித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். பத்து நிமிடம்தான். வெளியே வந்து பார்த்தால் அவருடைய சட்டைகள் அத்தனையும் குழம்புச் சட்டிகளுக்குள் அடைபட்டு, டேப் ஒட்டி, லோரியில் ஏறியிருந்தன. "அக்கா, ஒரே ஒரு சட்டையாவது குடுங்களேன்" என்று கெஞ்சினார். "அதை எடுத்தா சட்டி ஆடும் பாய்" என்று சொல்லிவிட்டார். பாவம் மனிதர், கைலியும் பனியனுமாக லோரியின் முன் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்து பாலத்தைக் கடந்தார்.

இன்னொரு விஷயம், பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதவே விடமாட்டார். ஐந்தாவது மாடி ஆசிரியை ஒருவர் மூன்று நிறத்தில் மார்க்கர் வாங்கி வைத்திருந்தார். அக்கா மூன்றையும் பிடுங்கித் தேநீர்க் கெண்டிக்குள் போட்டு மூடிவிட்டார். "எழுதறவன் ஒருத்தன், உள்ள வெக்கிறவன் ஒருத்தன். இருபத்தேழு வருசமா அந்தக் கூத்தைப் பாத்துட்டேன். என்ன வேணுமோ எனக்குப் போன் போடு." மூன்று மாதம் கழித்து ஆசிரியை தன் பழைய மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்று போன் போட்டபோது, அக்கா எங்களோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்தபடியே சொன்னார்: "பச்சை மூடி போட்ட பெட்டி. பிரஷர் குக்கர். உள்ள உன் வீட்டுக்காரர் சாக்ஸ். இடது சாக்ஸ்."

அங்கேயே இருந்தது. இது மனித மூளைதானா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இப்படியாகத்தான் போன வருடம் எங்கள் முறை வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில், தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றில் சொந்தமாக ஒரு வீடு. பதினோரு வருட வாடகை வாழ்க்கைக்குப் பிறகு முதல் வீடு. அதைப் பதிவு செய்த அன்றைக்கே என் மனைவி வசந்தி ஒரு சின்னப் பித்தளைச் சட்டி வாங்கினாள். புது வீட்டில் முதல் பால் இதில்தான் பொங்க வேண்டும். வீடு கட்டி முடிக்க இழுத்தடித்தார்கள். மூன்று வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்து வைப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதில் காய்ச்சியதில்லை. "நமக்கும் ஒரு வீடு வரும்ல?" என்று சில நாள் சட்டியிடமே கேட்டுக்கொண்டிருப்பாள்.

கோயில் ஐயர் நாள் குறித்துக் கொடுத்தார். காலை எட்டு மணிக்குள் பால் பொங்கியாக வேண்டும், அதற்கு மேல் நேரம் சரியில்லை. பால் பொங்கிய பிறகுதான் சாமான் வீட்டுக்குள் போக வேண்டும் என்பதால், முதல் நாளே பெட்டிகளை முன்னால் காரை, எங்கள் பேச்சில் காடியை, நிறுத்தும் கூரையடியில் இறக்கி வைப்பது என்று ஏற்பாடு.

நானும் சும்மா இல்லை. கிடங்கில் வேலை பார்ப்பவன் அல்லவா? கணினியில் அட்டவணை போட்டு, எண் கொடுத்து, நான்கு பக்கம் அச்செடுத்து அக்காவிடம் நீட்டினேன். பெருமையாகத்தான் நீட்டினேன். அவர் வாங்கி, மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். "நல்ல பேப்பர் தம்பி" என்றார்.

மத்தியானத்துக்குள் வீடு காலி. அறுபத்திரண்டு பெட்டிகள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக்கூட, "முடிஞ்சிருச்சா, இல்ல முடிக்கப் போறியா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பித்தளைச் சட்டியை மட்டும் கடைசிவரைக்கும் தன் பக்கத்திலேயே வைத்திருந்தார். கடைசியாக ஏற்றினால்தான் முதலில் கைக்கு வருமாம். அந்த நேரம் பார்த்து லோரிக்காரன் சோபாவைத் தலைகீழாகத் தூக்க, நான் அவனோடு மல்லுக்கு நின்றேன். வசந்தி காலி வீட்டின் சுவரைத் தடவி அழுதுகொண்டிருந்தாள். அக்கா என்னமோ சொன்னார், நான் "சரிக்கா, சரிக்கா" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புது வீட்டு வாசலில் நின்றோம். கோலம் ரெடி, அடுப்பு ரெடி, பால் ரெடி, மாமியார் ரெடி. சட்டி எங்கே?

கடைசியாக ஏற்றியது முதலில் இறங்கியிருக்கிறது. முதலில் இறங்கியது சுவரோரமாகப் போய்விட்டது. அதற்கு முன்னால் அறுபத்தொரு பெட்டிகள், கூரை முட்ட, ஒன்றின் மேலும் ஒரு எழுத்து கிடையாது. எதை இழுப்பது? நான்கைந்து பெட்டியைக் கிழித்தேன். என் கால்சட்டைக்குள்ளிருந்து ஊறுகாய் ஜாடி வந்தது. தேங்காய்த் துருவிக்கு வசந்தியின் கல்யாணப் புடவை சுற்றியிருந்தது. மணி ஏழரை தாண்டிவிட்டது. "காடியில என் அலுமினியச் சட்டி இருக்குது, அதுல காய்ச்சிரலாமே" என்று மாமியார் சொன்னதுதான் தாமதம், வசந்தி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

"அக்காவுக்குப் போன் போடுங்களேன்" என்றாள் மெல்ல.

போட்டேன். பெட்டிக் குவியலுக்குள்ளிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. மேளத்தோடு, காது கிழிய.

"யாரு வீட்டுலடீ கல்யாணம்?" என்றார் மாமியார்.

அக்காவின் போன் சத்தம் போட்டு அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. தொழிற்சாலைப் பழக்கம், சத்தத்தை அணைத்து இடுப்பில் செருகியிருப்பார், அது நடுங்கினால்தான் எடுப்பார். எனக்கு வந்ததே கோபம்! "பாத்தியா, தன் போனையே மறந்து பெட்டிக்குள்ள போட்டுட்டாங்க! இவங்களைப் போய் நம்பினோமே!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. திரும்பப் போடுங்க" என்று வசந்தி எழுந்தாள். நான் போடப் போட, அவள் சத்தம் வந்த திசைக்குப் பெட்டிகளை இழுத்து இழுத்துத் தள்ளினாள். ஆறாவது தடவை சுவரோரத்துப் பெட்டி கிடைத்தது. பிரித்தால் பித்தளைச் சட்டி. சட்டிக்குள் அக்காவின் துண்டு. துண்டுக்குள் நாதஸ்வரம்.

எட்டு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பால் பொங்கியது. வசந்தி சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே எல்லோர் வாயிலும் சர்க்கரையைப் போட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் போன் எங்களைச் சும்மா இருக்க விடவில்லை. நிபோங் திபாலிலிருந்து ஒரு பெண், அம்மிக்குழவி எங்கே என்றார். பாய் கூப்பிட்டு, பேரன் பிறந்த சேதி சொல்ல வேண்டும் என்றார். இன்னும் இரண்டு பேர், "ஒண்ணும் இல்ல, சும்மாதான். அக்கா எப்படி இருக்காங்க?" என்றார்கள்.

மத்தியானம் போனைக் கொடுக்க நானே தீவுக்குப் போனேன். அக்கா மூன்றாவது மாடியில் வேறொரு வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது? போனை மறந்துட்டீங்களே!"

அவர் நிமிரவில்லை. டேப்பைச் சர்ரென்று இழுத்தார். "எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"கெழக்கால."

"எட்டுக்குள்ளயா?"

"எட்டுக்குள்ளதான்."

அப்போதுதான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "மறக்கல தம்பி. எந்தப் பெட்டின்னு மூணு தடவை உன்கிட்ட சொன்னேன், நீ லோரிக்காரன்கூட சண்டை போட்டுக்கிட்டே சரிக்கா சரிக்கான்ன. வசந்திகிட்ட சொன்னேன், அது அழுதுகிட்டே தலையாட்டுச்சு. காலையில தேடிட்டு எனக்குத்தான் போன் போடுவீங்க. நான் சொல்லி, நீ வெளங்கிக்கிட்டு எடுக்கிறதுக்குள்ள எட்டு தாண்டிரும். மூணு வருசமா அந்தப் புள்ள அந்தச் சட்டியைத் தேய்க்கிறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? அதான் முழுசா சார்ஜ் போட்டு, சத்தத்தைக் கூட்டி, உள்ள வெச்சு அனுப்பினேன்."

"இவ்வளவு நேரம் போன் இல்லாம எப்படிக்கா இருந்தீங்க?"

"ஒரு நாள்தானே லா" என்றார். ஆனால் கை மட்டும் வெடுக்கென்று நீண்டு போனை வாங்கிக்கொண்டது. முதலில் சத்தத்தை அணைத்தார். பிறகு யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். படிக்கும்போதே அது கையில் நடுங்கியது. "ம், சொல்லு பாய். பேரனா? யாரு ஜாடை?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டபடி, நீ கிளம்பு என்று எனக்குக் கை காட்டினார்.

வீட்டில் சாப்பிடாமல் காத்திருப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் அந்த மனுஷியை விட்டுவிட்டுப் பாலம் ஏற எனக்கு மனம் வரவில்லை. யாருடைய வீடு என்றுகூடக் கேட்காமல், அங்கே அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அக்காவிடம் நீட்டிக்கொண்டு நின்றேன்.