அட்ஜஸ்ட் பிரிவு

டைப்பிஸ்ட் அக்காவின் நாற்காலிக்கு மூன்றே கால். நான்காவது காலின் இடத்தில் ஒரு தடித்த கோப்பு. புது நாற்காலி கேட்டு ஏழு வருடமாக அக்கா போட்ட மனுக்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. அந்த அலுவலகத்தில் எதையாவது தாங்கிய ஒரே கோப்பு அதுதான் என்பது பியூனின் கருத்து. ஒவ்வொரு மனுவின் ஓரத்திலும் 'அட்ஜஸ்ட் செய்துகொள்ளவும்' என்று ஒவ்வோர் அதிகாரி எழுதியிருந்தார்.

புது மேலாளர் சீர்திருத்தவாதி. வந்த அன்றே அந்தச் சொல் அவர் கண்ணை உறுத்தியது. பஸ்ஸில் நகர்ந்து உட்காருவதும் அட்ஜஸ்ட், மாமியாரோடு ஒத்துப்போவதும் அட்ஜஸ்ட், ரவிக்கையைப் பிரித்துத் தைப்பதும் அட்ஜஸ்ட், மேசைக்கடியில் கவர் நீட்டுவதும் அட்ஜஸ்ட். ஒரே ஆள் இத்தனை வேலை பார்க்க விதியில் இடமில்லாதபோது ஒரே சொல் மட்டும் எப்படிப் பார்க்கலாம் என்று கேட்டார். இனி அதைச் சொல்பவர், எந்தப் பொருளில், எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று படிவம் நிரப்பியே சொல்ல வேண்டும். படிவங்களைச் சரிபார்க்க அட்ஜஸ்ட் பிரிவு என்று ஒன்றும் உதயமானது.

அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏழு வருட அட்ஜஸ்டுக்கு இனி ஒரு கடைசித் தேதி போட்டாக வேண்டுமே. சுற்றறிக்கையை அவளே ஆசையாக டைப் அடித்தாள்.

மறுவாரம் பிரிவு தன் ஆய்வைத் தொடங்கியது. முதல் ஆதாரமாக அக்காவின் கோப்பைக் கேட்டார்கள். பியூன் உருவினார், அக்கா தரைக்கு வந்தாள். கோப்பும் நாற்காலியும் இணைந்த ஆவணம் என்று சொல்லி நாற்காலியையும் கொண்டுபோனார்கள். மாலையில் அக்கா எட்டிப் பார்த்தபோது பிரிவின் கண்காணிப்பாளர் அதன்மேல் அமர்ந்திருந்தார். கோப்பு மறுபடி நான்காவது காலின் இடத்திலேயே இருந்தது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரே மேலாளரிடம் போனாள்.

"சார், நான் எதுல உக்காந்து டைப் அடிக்கிறது?"

மேலாளர் 'அ' என்று வாயெடுத்தார். சுற்றறிக்கை ஞாபகம் வந்து நிறுத்தினார்.

"அதைச் சொல்லப் படிவம் வேணுமேம்மா."

"இன்னும் டைப் அடிக்கல சார்."

"அடிச்சிட்டு வாங்க."

"நாற்காலி வேணுமே சார்."

மேலாளர் வேறு சொல் தேடினார். அகப்படவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அக்கா நின்றபடியே டைப் அடிக்கப் பழகிவிட்டாள். ஒருநாள் கவுண்டருக்கு வெளியே ஒரு பெரியவர், காலையிலிருந்து நிற்பதாகவும் உட்கார ஒரு பெஞ்சு போடக்கூடாதா என்றும் கேட்டார்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

பெரியவர் தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். எந்தப் பொருளில், எந்தத் தேதி வரை என்று அவர் கேட்கவில்லை. நாம் மட்டும் என்றைக்குக் கேட்டோம்?