பதினோராம் நம்பரின் ஐந்தாவது பொத்தான்

நாலு ரன் முன்னால் இருந்தும் அகஸ்டினுக்கு மூச்சு சீராக வரவில்லை.

“இந்தப் பந்து போடுற பையன் கவுத்துடுவான் பாய். பாத்துக்கிட்டே இருங்க.”

“நாலு ரன் இருக்குண்ணே. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க” என்றார் அப்துல் ரவூப். கீழ் மாடிக்காரர். குடைக்கடை வைத்திருப்பவர். டிஷ்ஷில் வருகிற கிரிக்கெட்டை ஒரு பந்து விடாமல் பார்ப்பவர். அந்த ஒரு தகுதியில்தான் அவர் பேஸ்பால் பார்க்க அழைக்கப்பட்டிருந்தார்.

தின்கன்ஜூன் பேட்டையில் நாலாவது மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை. அகஸ்டினும் அவர் மனைவி செசிலியாவும் பூசைக்குப் போய்வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை. வழக்கம்போல் கரண்ட் இல்லை. ரவூபின் மகள் ருக்சார் காலையிலேயே வந்து, தன் பழைய டேப்லெட்டை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்து, அகஸ்டினின் போனிலிருந்து இணையத்தை அதற்குத் திருப்பி, ஜப்பானில் நடக்கும் ஆட்டத்தை எங்கிருந்தோ பிடித்துக் கொடுத்துவிட்டு, தன் ஜப்பானிய மொழி வகுப்புக்குக் கிளம்பினாள்.

“ஆண்ட்ரூ அண்ணனோட சொந்த மைதானத்துலதான் ஆட்டமாம் அங்கிள். நல்லாக் கத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆண்ட்ரூ, அகஸ்டினின் ஒரே மகன். ஜப்பானில் ஏதோ ஒரு சின்ன ஊரில் கார்க் கண்ணாடி செய்யும் கம்பெனிக்கு ஒரு பேஸ்பால் டீம் உண்டு. அந்த டீமின் சட்டைகளைத் துவைப்பதும், மைதானத்து மண்ணைச் சீர்செய்வதும், பந்து பொறுக்குவதும் அவன் வேலை. இன்றைக்கு ஜெயித்தால் டீம் இன்னும் மூன்று வருஷம் இருக்கும், அவனும் இருப்பான். தோற்றால் டீமைக் கலைத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் அவன் விமானம் ஏறி வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

மகன் வீட்டுக்கு வருவது எந்த ஊரிலும் நல்ல செய்தி. இந்த ஊரில் மட்டும் அப்படியில்லை. ஆண்ட்ரூவுக்கு இருபத்துநாலு வயது. அந்த வயதுக்காரர்களின் பெயர்களைப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பையன் போய் எட்டு மாதமாகிறது. அவன் அம்மா இப்போதெல்லாம் யாரோடும் பேசுவதில்லை. அகஸ்டின் தினமும் காலையில் அந்தோணியார் படத்தின் முன் நின்று, “சாமி, என் பிள்ளை வராம இருக்கணும்” என்று வேண்டிக்கொள்கிறார். அப்படி வேண்டிக்கொள்ளும்போதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருக்கும்.

படத்துக்குக் கீழே ஆண்ட்ரூவின் போட்டோ. அவன் ஜப்பான் போன முதல் வருஷம், டீமோடு ஏதோ வெளியூருக்குப் போனபோது எடுத்து அனுப்பியது. நீலச் சட்டை, வாய் கொள்ளாத சிரிப்பு. ஆக, நீலச் சட்டை ஜெயிக்க வேண்டும். அகஸ்டினுக்குத் தெரிந்த பேஸ்பால் அவ்வளவுதான்.

நீலச் சட்டைக்குப் பந்து போடுகிறவன் பதினோராம் நம்பர். ஒல்லிப் பையன். காதுகள் மட்டும் பெரிசு.

“பௌலிங் மோசமில்லையே” என்றார் ரவூப். “லைன் நல்லாத்தான் இருக்கு. லெங்த்துதான் ஒண்ணும் புரியல. பந்து தரையிலயே பட மாட்டேங்குதே.”

“பௌலிங்கை விடுங்க பாய். சட்டையைப் பாருங்க.”

அகஸ்டின் தாமுவே மார்க்கெட்டில் முப்பது வருஷமாகத் தையல்காரர். மனிதர்களின் முகம் அவருக்கு மறந்துபோகும், தோள் அளவு மறக்காது. அவர் டேப்லெட்டின் மேல் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

“கையுறையை எங்க வச்சுக்கிறான் பாருங்க. இப்ப மூணாவது பொத்தான். வேகமாப் போடுவான்.”

பந்து வேகமாகப் போயிற்று.

“இப்ப அஞ்சாவது பொத்தான். மெதுவா வளைஞ்சு விழும்.”

பந்து மெதுவாக வளைந்து விழுந்தது. ரவூப் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

“அமெலே, அம்மாடியோ! எதிர்ப்பக்கம் இதைக் கண்டுபிடிச்சுட்டா?”

“அதான் பாய் என் பயமும். எதிர்ப்பக்கம் ஒரு தையக்காரன் இருக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?”

“அப்ப மவனுக்குச் சொல்லுங்க. மவன் கோச்சுக்குச் சொல்லட்டும்.”

அகஸ்டின் போனை எடுத்து வைபரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். ‘தம்பி, பந்து போடுற பதினோராம் நம்பரைக் கவனி. கையுறை மூணாவது பொத்தான்ல இருந்தா வேகப் பந்து. அஞ்சாவதுல இருந்தா மெதுப் பந்து. இது ரொம்பப் பெரிய ஓட்டை. உடனே கோச்சுக்கிட்ட சொல்லு.’

அரை நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம்.

“மூணு மாசமா ஒழுங்காப் பேசல. இப்பயும் வெரலைக் காட்டுறான்” என்றார் அகஸ்டின். ஆனாலும் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆகவேண்டியதைச் செய்தாயிற்று.

அடுத்த சுற்றில் பதினோராம் நம்பர் கையுறையை அதே ஐந்தாவது பொத்தானில் வைத்துக்கொண்டான். வெள்ளைச் சட்டைக்காரன் அதற்கே காத்திருந்தவனாக ஓங்கி அடித்தான். அடுத்தவனும் அடித்தான். ரெண்டு ரன் போயிற்று.

“சொல்லியும் பொத்தானை மாத்தல பாருங்க!” அகஸ்டின் எழுந்துவிட்டார். “திமிர்! காது மட்டும் அவ்வளவு பெரிசா இருக்கு, ஒரு வார்த்தை உள்ள போகல!”

“கோச்சுக்குப் புரிஞ்சிருக்காது” என்றார் ரவூப். “தையக்கடைப் பேச்சு யாருக்குப் புரியும்? வேற குறை இருந்தா வெளக்கமாச் சொல்லுங்க.”

குறை கண்டுபிடிப்பது அகஸ்டினுக்குக் கஷ்டமான வேலையில்லை. பத்துப் பந்து பார்த்தார். மறுபடியும் தட்டினார். ‘தம்பி, அந்தப் பதினொண்ணு ரெண்டு மெதுப் பந்து போட்டா மூணாவது கட்டாயம் வேகம். நட்டநடுவுல வரும். குருடன்கூட அடிப்பான். இதையும் சொல்லு.’

இந்த முறை ரெண்டு கட்டைவிரல் வந்தது.

ரெண்டு மெதுப் பந்துக்குப் பிறகு, மூன்றாவது, நட்டநடுவில், வேகமாக வந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் குருடனில்லை. நாலுக்கு மூன்று.

சமையலறையிலிருந்து செசிலியா வந்தாள். கையில் ஜெபமாலை, தோளில் கரித்துணி.

“என்னங்க, நீங்க பாக்குறதை நிறுத்துங்க.”

“நான் பாத்தா என்ன?”

“நீங்க பாத்தா எதுவும் உருப்படாது. சோத்துப் பானையை எட்டிப் பாத்தாலே குழைஞ்சுபோகுது. பிள்ளை விஷயத்துல வெளையாடாதீங்க. போனைக் கீழ வைங்க. அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க.”

ரவூப் யோசித்துப் பார்த்து, “ஆன்ட்டி சொல்றதுலயும் ஒரு இது இருக்கு” என்றார். தன் மகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் செசிலியாவை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்.

அகஸ்டின் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அலமாரியைப் பார்த்து உட்கார்ந்தார். அறுபது வயதில் தன் வீட்டிலேயே வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனாக ஆனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் பதினோராம் நம்பர் அதற்குப் பிறகு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அகஸ்டின் போனைத் தொடவில்லை, திரும்பவில்லை, ரெண்டு சுற்று கடந்தது. செசிலியாதான் வர்ணனை.

“துடைக்கிறான்... குனியறான்... போட்டுட்டான். அந்த ஆள் அடிக்கல. ஐயோ, அங்க ஓரத்துல பக்கெட் தூக்கிட்டுப் போறது ஆண்ட்ரூதானே?”

“நாலாவது ஆண்ட்ரூ” என்றார் ரவூப். “காலையிலேர்ந்து எண்ணிட்டுத்தான் வர்றேன்.”

“உங்களுக்கென்ன பாய். மூணு வருஷமாப் பாக்காத கண்ணு, அப்படித்தான் தேடும்.”

அதன்பின் ரவூப் எண்ணவில்லை. அவர் மகளும் வகுப்பு முடித்தால் அதே ஜப்பானுக்குத்தான் போகப் போகிறாள்.

ஒன்பதாவது சுற்று. கடைசி. இதை மட்டும் தாண்டிவிட்டால் போதும். டேப்லெட்டில் ஆறு சதவீதம்தான் பேட்டரி இருந்தது, போனில் அதுவும் இல்லை. அகஸ்டினால் தாங்க முடியவில்லை. அலமாரிக் கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. தலையை லேசாகச் சாய்த்தால் டேப்லெட் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தாலும் பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

தெரிந்ததும் தெரியாமலிருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. பையனின் வலது தோள் தையல் ஒரு விரற்கடை பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். நாள் முழுக்க மிஷின் மிதித்தவனின் தோள் சாயங்காலம் அப்படித்தான் விழும் என்று அகஸ்டினுக்குத் தெரியும். போனை மடியில் மறைத்துக்கொண்டு தட்டினார். ‘தம்பி, பதினொண்ணுக்குக் கை விழுந்துடுச்சு. இனிமே வேகப் பந்துலகூட வேகம் இருக்காது. சீக்கிரம் ஏதாவது செய்யச் சொல்லு. அப்பா கெஞ்சிக் கேக்குறேன்.’

கட்டைவிரல் வந்தது. அத்தோடு போன் அணைந்தது. டேப்லெட் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த கொஞ்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

முதல் வெள்ளைச் சட்டை அடித்துவிட்டு ஓடிப்போய் நின்றான். ரெண்டாவது ஆள் வந்தான். பதினோராம் நம்பர் கையுறையை மூன்றாவது பொத்தானுக்குத் தூக்கினான்.

“வேகம்” என்றார் அகஸ்டின், கண்ணாடியைப் பார்த்து.

வேகம் இல்லாத வேகப் பந்து. மட்டை பட்ட சத்தம் கேட்டது. பந்து மேலே போயிற்று, வேலியைத் தாண்டிப் போயிற்று. ஐந்துக்கு நாலு. பதினோராம் நம்பர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். வெள்ளைச் சட்டைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள்.

“என்னங்க” என்றாள் செசிலியா மெதுவாக. “அந்தக் கும்பல்ல குதிக்கிறது நம்ம ஆண்ட்ரூ மாதிரியே...”

“நம்ம புள்ள எதுக்குடி அவனுங்களோட குதிக்கப் போறான்?” அகஸ்டின் நாற்காலியோடு திரும்பினார்.

டேப்லெட் இருண்டது. அந்த நிமிஷம் பார்த்துத் தெருவெல்லாம் குழந்தைகள், “மீ லா பீ!” என்று கூவின. கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

ரவூப் எழுந்து, துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்போல் சொல்லிக்கொள்ளாமல் வாசல்வரை போனார். அங்கே அவருக்கே மனசு கேட்கவில்லை.

“பௌலரை முன்னாடியே மாத்தியிருக்கணும்ணே” என்றார்.

“ஆமா பாய்.”

“கோச் சரியில்ல.”

“ஆமா பாய்.”

அவர் போய்விட்டார். போனைச் சார்ஜில் போடு என்று செசிலியா சொல்லவில்லை; அகஸ்டினும் போடவில்லை. போட்டால் மணி அடிக்கும். அடித்தால், ‘அப்பா, நான் வர்றேன்’ என்று கேட்க வேண்டியிருக்கும்.

“கியாக்தான்ல தங்கச்சி வீட்டு மச்சு சும்மாத்தான் கெடக்கு” என்றார் அகஸ்டின். “ஏர்போர்ட்லேர்ந்து நேரா அங்க கூட்டிட்டுப் போயிடலாம். வெளிய தலை காட்டாம இருந்தான்னா...”

“எத்தனை நாளைக்கு?”

அகஸ்டின் எழுந்துபோய் ஆண்ட்ரூவின் பழைய கால்சட்டையை எடுத்து, இடுப்புத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் பெருத்திருப்பான். ரெண்டு அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். பிளேடு துணியையும் சேர்த்துக் கிழித்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவை.

“எல்லாம் அந்தப் பதினொண்ணால” என்றார். “அவன் வெளங்கவே மாட்டான்.”

“யார் பெத்த பிள்ளையோ, விடுங்க.”

செசிலியா பரணிலிருந்து ஆண்ட்ரூவின் தலையணையை இறக்கினாள். வெயில் காட்டுவதற்காகத் தூசியைத் தட்டினாள். தட்டியவள், அதை அப்படியே மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“நான் ஒண்ணு சொன்னா திட்டாதீங்க.”

“சொல்லு.”

“தோக்கக் கூடாதுன்னுதான் ஜெபமாலை சொன்னேன். சத்தியமா. ஆனா அந்தப் பந்து வேலியைத் தாண்டிப் போனப்ப, ஒரே ஒரு நிமிஷம்... சந்தோஷமா இருந்துச்சுங்க. வரட்டும். ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிறேன்.”

அகஸ்டின் திட்டவில்லை. கிழிந்த கால்சட்டையைப் பார்த்துக்கொண்டே, “எனக்கும்தான்” என்றார்.

செசிலியா தலையணைக்குப் பூப்போட்ட உறையைப் போட்டாள். கட்டிலைச் சன்னல் ஓரமாக நகர்த்தலாமா என்று கேட்டாள். நகர்த்தலாம் என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலை நகர்த்தினார்கள். அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை இப்போதே வாங்கி வைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கட்டில் இடம் மாறியதும் வீட்டில் ஒரு ஆள் கூடிவிட்டது.

படியில் தடதடவென்று சத்தம். ருக்சார், வகுப்புப் பையோடு, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். கையில் அவள் போன்.

“ஏன் அங்கிள் போனை அணைச்சு வச்சிருக்கீங்க? அண்ணன் உங்களைப் பிடிக்க முடியாம எனக்குப் பேசினாரு. பேசவே முடியல, ஒரே அழுகை.”

“தெரியும்மா” என்றார் அகஸ்டின். “என்னிக்கு வர்றானாம்?”

ருக்சார் கட்டிலைப் பார்த்தாள். செசிலியாவின் கையிலிருந்த தலையணையைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல், தான் கொண்டுவந்த நல்ல செய்தியை ஒரே மூச்சில் சொன்னாள்:

“எங்க வர்றது? சொந்த மைதானத்துல அவங்களுக்கு வெள்ளைச் சட்டைதானாம் அங்கிள், நீங்க சொல்லச் சொல்லத்தான் அந்த நீலச் சட்டைக்காரனை அடிச்சு ஜெயிச்சாங்களாம், இன்னும் மூணு வருஷத்துக்கு அண்ணன் வர வேண்டியதே இல்லையாம்!”